இருதயக் கோளாறும் கிரகண தோஷமும்

நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய ஒன்று இருதயக் கோளாறோடு பிறக்கின்றது. கிரகணத்திற்கு அஞ்சாத நாடுகளிலும் கணக்கு ஏறக்குறைய இதுவேயாகும். நம் நாட்டிலோ, கிரகணத்தன்று வெளியே வந்தாள், முன் ஜென்மத்தில் பாவம் செய்தாள் என்று தாயின் தலையிலேயே பழியைச் சுமத்துகிறார்கள். தகப்பனுக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கின்றோம். குழந்தையின் 46 குரோமோசோம்களில் பாதி அவன் கொடுத்தவையல்லவா?

21-ஆவது குரோமோசோம் ஒன்று அதிகமாயிருக்கும் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இக்கோளாறு உண்டு. 22-ஆவதில் ஒரு துண்டு குறைந்தாலும் வரக்கூடும். பனிக்குட நீரைச் சோதித்து இவற்றை முன்பே அறியலாம். அச்சோதனையில் அகப்படாத பலவற்றை 18 முதல் 22 வாரத்திற்குள் ஸ்கேன் காட்டிவிடும். அறிந்தால், இருதய அறுவை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். மேலே செய்ய வேண்டியதை டாக்டரைக் கேட்டு முடிவு செய்வது அந்தப் பெண்ணின் உரிமையேயாகும்.

தோழர்களே! பரிகாரத்திற்கென்று ஜோசியனுக்கு அழும் பணத்தைச் சோதனைக்குச் செலவிடுங்கள். பெற்றவளைப் பழிப்பதை இன்றே விடுங்கள்.