மெஷினை மட்டும் ஒப்பிடாதீர்கள்

ஜப்பானும் கென்யாவும் மெஷினால் கொழுந்தெடுக்கின்றனவாம். ஊவாத் தோட்டங்கள் பின்தங்கியதற்குத் தொழிலாளரின் பிடிவாதமே காரணமாம். சரி, பார்ப்போம்.

ஜப்பான் மெஷினுக்கு ஏற்றபடியே நிரைபிடித்துச் செடியை வளர்க்கிறது. நமுனுகுலச் சரிவின் பழைய விதைச் செடிகளுக்கிடையே அதை எங்கே ஓட்டுவது? மெஷினுக்கு முற்றலும் தளிரும் ஒன்றுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்றில் தேறும் ஊவா வாசனைக்கோ, பார்த்துக் கிள்ளிய கொழுந்து வேண்டும். கென்யாவின் பெரும்பகுதி இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சீ.டி.சி. தூள், அங்கே இந்தக் குறை அவ்வளவு தெரியாது. (அங்கும் 2023இல் கெரிச்சோத் தொழிலாளர் மெஷின்களைக் கொளுத்தினார்கள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?)

அப்படியானால் பின்தங்கியது யாரால்? தேயிலை வியாபாரி லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கம் தோட்டம் வாங்கினார். அவருடைய புதுமை பாக்கெட்டிலும் விளம்பரத்திலும் நின்றது, லயத்துக்கு வரவில்லை. 1992இல் அரசத் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. காணி இன்றும் அவர்களுக்குக் குத்தகைதான். மறுநடவுக்குப் பணம் போடாதவர்களின் கணக்கை நாட்கூலிக்காரியின் தலையில் எழுதுகிறீர்கள்.