தீவைத் தொலைத்த நகரம்

தெற்கு லெபனானில், மத்தியதரைக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது டயர். அரபியில் சூர். பழைய தமிழ் பைபிளைப் புரட்டியவர்களுக்கு இது ‘தீரு’; சாலொமோனின் ஆலயத்துக்குக் கேதுரு மரங்கள் அனுப்பிய ஈராம் ராஜாவின் ஊர்.

ஃபினீஷியர்களின் இந்த நகரம் அன்று தீவு. அதுதான் அதன் பலம். பாபிலோனிய மன்னன் நெபுகாத்நேச்சார் 13 ஆண்டுகள் முற்றுகையிட்டதாகச் சொல்கிறார் வரலாற்றாசிரியர் ஜொசீபஸ். தீவு படைபலத்துக்கு மசியவில்லை.

கி.மு. 332இல் வந்த அலெக்சாண்டர், ஊர்த்தெய்வம் மெல்கார்ட்டுக்குத் தீவில் பலியிட அனுமதி கேட்டார். பக்தியின் பின்னால் படை நின்றதை ஊரார் கவனிக்காமலா இருப்பார்கள்? மறுத்துவிட்டார்கள். கரையிலிருந்த பழைய டயரை இடித்து, அந்தக் கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டிப் பாதை போட ஆரம்பித்தது மாசிடோனியப் படை. தீவுக்காரர்கள் எரியும் கப்பலை மோதவிட்டு அதைக் கொளுத்தினார்கள். கடைசியில் காலை வாரியது சொந்த இனமே. சிடோன், பிப்லோஸ் கப்பல்கள் அலெக்சாண்டர் பக்கம் சேர்ந்துகொள்ள, ஏழு மாதங்களில் கதை முடிந்தது. 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டதாக அரியன் எழுதியிருக்கிறார்.

பாதையை ஒட்டி மணல் சேர்ந்து தீவு தீபகற்பமாகிவிட்டது. அலெக்சாண்டருக்குக் கடலும் கொஞ்சம் உதவியிருக்கிறது. அந்த இடத்தில் முன்பே நீருக்கடியில் மணல் திட்டு இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

டயரின் பணம் வந்த வழி விசித்திரமானது. முரெக்ஸ் என்ற கடல் நத்தையின் சுரப்பியிலிருந்து எடுத்த ஊதாச் சாயம்தான் ரோமாபுரியின் ஆடம்பர நிறம். 1909இல் வேதியியலாளர் ஃபிரீட்லெண்டர் 12,000 நத்தைகளை உடைத்துப் பெற்றது 1.4 கிராம். நம் அவுரி நீலத்தின் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துவிட்டு இரண்டு புரோமின் அணுக்களை வைத்தால் இந்தச் சாயம். வித்தியாசம் அவ்வளவே. ஆனால் தயாரிக்கும்போது எழுந்த நாற்றம் குடலைப் புரட்டும். சாயப் பட்டறைகளால் ஊரில் வசிப்பதே கஷ்டம் என்று ஸ்டிராபோவே குறைபட்டிருக்கிறார்.

யுனெஸ்கோ 1984இல் டயரை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பயணிகள் பார்த்து வியக்கும் தேரோட்ட மைதானம், வளைவு, தூண்கள் எல்லாம் பெரும்பாலும் ரோமானியர் காலத்தவை. ஃபினீஷிய நகரம் இன்றைய வீடுகளுக்கு அடியில் கிடக்கிறது. அல்பாஸ் பகுதியில் 1997 முதல் நடந்த அகழாய்வில் கிடைத்த ஈமத்தாழிகள் அவர்களின் நேரடிச் சாட்சிகளில் ஒன்று.

2024 அக்டோபரில் இஸ்ரேலிய விமானங்கள் நகரின் குடியிருப்புகளைத் தாக்கின. சில குண்டுகள் இடிபாடுகளுக்குச் சில நூறு மீட்டர் தொலைவில் விழுந்தன. நவம்பர் 18இல் லெபனானின் 34 சின்னங்களுக்குச் சிறப்புப் பாதுகாப்பு அளித்தது யுனெஸ்கோ. டயரும் அதில் உண்டு. கற்களுக்குக் கிடைத்த கேடயம் மீனவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவாலி நதிக்குத் தெற்கே யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று அக்டோபரிலேயே எச்சரித்திருந்தது இஸ்ரேலிய ராணுவம். ஃபினீஷியர் கப்பல் விட்ட அதே வடக்குத் துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடந்தன.