குளத்தைக் கட்டியபின் வான் வெட்டுவதா?

குளமொன்றை அமைக்கப் புகுந்த பொறியியலாளன் கட்டை உயர்த்தி, நீரைத் தேக்கி, நாடா வெட்டித் திறப்புவிழாவும் நடாத்தி முடித்தபின், "வான் எங்கே வைப்பது என்பதை அடுத்த வருடம் யோசிப்போம்" என்று கூறுவானாயின், நமது வன்னிக் கமக்காரன் அவனை என்ன செய்வான்? மண்வெட்டியோடு துரத்துவான். வான் என்பது கட்டுக்குப் பின்னர் சூட்டும் அணிகலன் அன்று. அதன் மட்டத்தை வைத்தே கட்டின் உயரம் கணிக்கப்படுகின்றது. கட்டின் உயரத்தை வைத்தே வயலின் பரப்புத் தீர்மானிக்கப்படுகின்றது. வானை மறந்தவன் குளத்தையே மறந்தவன். 1986 ஏப்ரல் 20 ஆந் திகதி அதிகாலையிற் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றதை அறிந்த மக்களுக்கு, கட்டு உடைந்தால் யாது நேரும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்று அரசாங்கம் வேறொரு வகைக் குளங்களையும் கட்டிவருகின்றது. அவற்றிலே தேங்குவது நீரன்று. நமது பெயர், முகவரி, காணி, வருமானம், நோய், கைவிரல் அடையாளம் ஆகியவை. கச்சேரியில் அடுக்கிவைத்த கோவைகளிலும் கிராம அலுவலரின் பதிவேட்டிலும் இருந்த விபரங்கள் யாவும் கணினிக்குள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஏறட்டும், அதனை நாம் எதிர்க்கவில்லை. ஒரு கடிதத்துக்காக நாலு தரம் பஸ் ஏறும் கமக்காரனின் கால்கடுப்புத் தீருமாயின் அது நன்றே. ஆனால் இக் குளங்களுக்கு வான் உண்டா, துருசு உண்டா, காவல் உண்டா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்டால் வரும் மறுமொழி எப்போதும் ஒன்றே: "முதலில் வேலை தொடங்கட்டும், பாதுகாப்பைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்."

பின்னர் பார்த்ததன் இலட்சணத்தை 2023 ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் கண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 26 ஆந் திகதி, கப்பம் கோரும் நச்சுநிரல் ஒன்று இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பினுட் புகுந்து அனைத்தையும் பூட்டிவிட்டது. ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும் எனச் செய்திகள் வெளிவந்தன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை, நூறு நாட்களுக்கு மேற்பட்ட காலத்தின் கடிதங்கள் மீட்கமுடியாது அழிந்துபோயின. மீள்பிரதி எடுத்துவைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்து வைத்திருந்தார்கள், ஆனால் அந்தப் பிரதியும் அதே வலையமைப்போடு பிணைந்து கிடந்தமையால், வந்த கள்வன் அதனையும் சேர்த்தே பூட்டினான்.

இதனை விளங்கிக்கொள்ளக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை. உண்ணும் நெல்லையும் வித்துநெல்லையும் ஒரே கொட்டிலிற் குவித்துவைக்கும் கமக்காரன் உண்டா? கொட்டில் தீப்பற்றினால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது என்று அவன் அறிவான். எழுத்தறியாத உழவன் அறிந்த இவ்வுண்மையைத் திட்ட வரைபடத்தின் முதற் பக்கத்திலே எழுத எவருக்கும் தோன்றவில்லை. விபத்து நேர்ந்த பின்னரே, வலையமைப்புக்கு வெளியே நாள்தோறும் பிரதி எடுக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது.

இன்னுமொன்று. அவ்வமைப்பு ஓடியது மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் பழைய மென்பொருளிலே. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2023 ஏப்ரல் 11 ஆந் திகதியோடு அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. அத் திகதி திடீரென வானத்திலிருந்து விழுந்ததன்று. பல வருடங்களுக்கு முன்னரே பகிரங்கப்படுத்தப்பட்டது. புதுப்பிக்கும் எண்ணம் 2021 முதல் இருந்தது என்றும், நிதித் தட்டுப்பாட்டாலும் முன்னைய பணிப்பாளர் சபை எடுத்த சில முடிவுகளாலும் அது தாமதித்தது என்றும் பொறுப்பாளர் தரப்பு விளக்கமளித்தது.

நிதி இல்லையாம்! பொருளாதாரம் சரிந்துகிடந்த காலம் அது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் இங்கேதான் தவறின் வேர் கிடக்கின்றது. பாதுகாப்பைத் திட்டத்தின் உறுப்பாகக் கருதியிருந்தால், அமைப்பைக் கட்டும் செலவோடு அதன் ஆயுட்காலப் பராமரிப்பும் முதல் நாளே மதிப்பீட்டில் ஏறியிருக்கும். தனிச் செலவாகக் கருதியமையாலேயே முதல் வெட்டு அதன்மேல் விழுந்தது. குளம் கட்டப் பணம் உண்டு, வானுக்குப் பணம் இல்லை என்பவனுக்கு உண்மையிற் குளம் கட்டவும் பணம் இல்லை. அவன் சிறிய குளமாகக் கட்டட்டும். அன்றேற் கட்டாது விடட்டும்.

"இது ஏழை நாட்டின் நோய், வல்லரசுகளில் இவ்வாறு நடவாது" என்று எவரேனும் ஆறுதல் கூறுவாராயின், அவர் ஐக்கிய அமெரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை; சட்டத்துக்கும் பஞ்சமில்லை. அரசாங்கத் தகவற் பாதுகாப்புக்கென 2002 இல் ஒரு சட்டம் இயற்றி, 2014 இல் அதனைப் புதுப்பித்தார்கள். தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம் 800-53 என்னும் இலக்கமுடைய பெருந்தொகுதியிலே பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை வகுத்துத் தந்தது. 2020 இல் வந்த அதன் ஐந்தாந் திருத்தத்தில் 20 குடும்பங்களாக ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுப்பாடுகள் உள்ளன. இத்தனை இருந்தும், 2015 ஆம் ஆண்டில் மத்திய அரசின் ஆளணி முகாமைத்துவ அலுவலகத்திலிருந்து 2 கோடியே 15 இலட்சம் பேரின் பின்னணி விசாரணை விபரங்களும், 56 இலட்சம் பேரின் கைவிரல் அடையாளங்களும் களவுபோயின என்பது வெளிவந்தது.

எப்படி நேர்ந்தது? அவ்வலுவலகத்தின் பொதுப் பரிசோதகர் வருடந்தோறும் எச்சரித்தே வந்தார். அவரது 2014 ஆம் ஆண்டின் கணக்காய்வின்படி, 47 பெரும் அமைப்புகளுள் 11 அமைப்புகள் செல்லுபடியான பாதுகாப்பு அனுமதிப் பத்திரமின்றி ஓடிக்கொண்டிருந்தன. அனுமதியற்றவற்றை நிறுத்துவது பற்றி ஆலோசிக்குமாறு அவர் விதந்துரைத்தார். எவரும் நிறுத்தவில்லை. கடவுச்சொல்லோடு அடையாள அட்டையையும் கோரும் இரட்டைத் திறப்பு முறை அந்த 47 இல் ஒன்றிலேனும் கட்டாயமாக்கப்படவில்லை. ஒப்பந்தகாரர் ஒருவருக்குரிய நுழைவுரிமையைக் களவாடியவர்களுக்கு அதுவே வாசலாயிற்று. விபரங்களை மறைகுறியாக்கி வைக்காதது ஏன் என்று காங்கிரசுச் சபை கேட்டபோது, வலையமைப்பு மிகப் பழையது, அதிலே அதனைச் செய்தல் சாத்தியமன்று என்று பணிப்பாளர் மறுமொழி கூறினார். அடுத்த மாதம் அவர் பதவி துறந்தார். ஆனால் பதவி துறந்தவரால் 56 இலட்சம் பேருக்குப் புதுக் கைவிரல் கொடுக்க முடியுமா? கடவுச்சொல் போனால் மாற்றலாம். விரல் போனால் எதனை மாற்றுவது?

இச் சம்பவம் இரண்டு கூட்டத்தாருக்கு மறுமொழி கூறுகின்றது. "சட்டமும் சட்டகமும் இருந்தாற் போதும்" என்பார் ஒரு கூட்டத்தார். போதாது. கட்டி முடித்த வீட்டைச் சுற்றிவந்து பட்டியலிற் குறியிடுவது பாதுகாப்பன்று; அது கடதாசிக்குச் செய்யும் பூசை. "பட்டியல்களால் என்ன பயன்? அவை வேலையைத் தாமதிக்கும் சிவப்பு நாடா" என்பார் மற்றக் கூட்டத்தார். அவர்களும் தவறினர். அங்கே தோற்றது பட்டியல் அன்று. பட்டியல் வேறாகவும் கட்டடம் வேறாகவும் வளர்ந்தமையே தோற்றது. பரிசோதகர் சரியாகவே அளந்தார். அளவுகோல் காட்டிய உண்மைக்கு வேலைத்தளத்தை நிறுத்தும் வலிமை வழங்கப்படவில்லை.

ஆகவே வேண்டுவது யாது? கட்டுப்பாடு வரைபடத்திலேயே பிறக்கவேண்டும். ஓர் அமைப்பு உடைந்தால் யாருக்கு எவ்வளவு தீங்கு என்பதை முதலில் அளத்தல். அத் தீங்குக்கு ஏற்ற காவல்களைத் தெரிதல். அவற்றைச் சுவரோடு சுவராகக் கட்டுதல். கட்டியவர் அல்லாத வேறொருவர் சோதித்தல். எஞ்சிய அபாயத்தை ஏற்றுப் பெயர் குறித்த உயர் அதிகாரி ஒருவர் கையொப்பமிடுதல். ஓடத் தொடங்கிய பின்னரும் நாள்தோறும் கவனித்தல். இதுவே அமெரிக்க நிறுவனம் வகுத்த முறையின் சாரம். இதிலே நம்மவருக்கு எட்டாத வித்தை ஒன்றுமில்லை. பாலம் கட்டுவோரும் மருந்து செய்வோரும் இதனையே நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர்.

காவல் என்றதும் களவு ஒன்றையே பலரும் நினைக்கின்றனர். பதிவேட்டுக்கு நேரக்கூடிய கேடுகள் மூன்று: பார்க்கத் தகாதவன் பார்த்தல், திருத்தத் தகாதவன் திருத்தல், வேண்டியபோது இல்லாது போதல். 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும் காணிக்குப் பதிவேட்டில் உள்ள பதிவே உரிமையின் ஆதாரம். அப் பதிவில் ஒரு பெயரைச் சத்தமின்றி மாற்றக்கூடியவனுக்கு வேலியை நகர்த்தும் சிரமங்கூட இல்லை. ஆதலாற் பதிபவர் ஒருவர், அங்கீகரிப்பவர் வேறொருவர் என்னும் பிரிவும், யார் எப்போது எதனைத் திருத்தினார் என்பதை எவராலும் அழிக்கமுடியாதபடி எழுதிவைக்கும் குறிப்பேடும் அமைப்பின் அத்திவாரத்திலேயே இருத்தல் வேண்டும். ஓடும் அமைப்பிற் பின்னர் அவற்றைப் புகுத்த முயல்வது, குடியிருக்கும் வீட்டின் அத்திவாரத்தைத் தோண்டுவது போலாகும்.

தமிழ் மக்களுக்கு இதிலே தனியான கவலை ஒன்றுண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. 1983 ஜூலையிலே கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிவந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்று நேரிற் கண்டோர் கூறினர். ஆய்வாளர் பலர் எழுதினர். வாக்களிக்கவென எழுதிய பெயர் வீட்டைக் கொளுத்த வழிகாட்டிற்று. அது கடதாசி இடாப்பு. தெருத் தெருவாகக் காவித் திரியவேண்டியிருந்தது. முகம், கண்விழி, கைவிரல் ஆகியவற்றைத் திரட்டும் தனித்துவ அடையாளத் திட்டத்துக்கு 2022 இல் இந்திய நிதியுதவி உடன்படிக்கை கைச்சாத்தாகியது. அத்தகைய திரட்டைக் காவித் திரிய வேண்டியதில்லை. கண்ணிமைப் பொழுதில் எங்கும் அனுப்பலாம். சட்டைப்பையுள் அடங்கும் ஒரு சிறு கருவியிலே ஒரு நகரத்தின் பெயர்கள் அனைத்தும் அடங்கும். இதனைக் கூறுவது அச்சமூட்டவன்று. இது சிங்கள உழவனின் பெயரும் முஸ்லிம் வணிகனின் பெயரும் கிடக்கும் அதே குளம். கட்டு உடைந்தால் வெள்ளம் இனம் பார்த்துப் பாயாது. ஆனால் ஒருமுறை வெள்ளத்தில் இழந்தவன் கட்டைப் பற்றி உரத்துக் கேட்பதிலே வியப்பென்ன?

சட்டம் உண்டே என்பார்கள். உண்டு, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்தவே இயற்றப்பட்டது. ஆயின் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. சட்டம் காத்திருக்கலாம், தரவு திரட்டுவது மட்டும் காத்திருப்பதில்லை. இந்த ஒழுங்கே தலைகீழானது.

எனவே நாம் கோருவன இவை. முதலாவது, அரசாங்கக் கணினித் திட்டம் ஒவ்வொன்றின் கேள்விப் பத்திரத்திலும் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் பொறியியல் நிபந்தனைகளாக எழுதப்படவேண்டும். அவை நிறைவேறாது ஒப்பந்தகாரருக்கு இறுதிக் கொடுப்பனவு செய்யலாகாது. இரண்டாவது, வேறொருவரின் சோதனையும் பெயர் குறித்த அதிகாரியின் கையொப்பமும் இன்றி எந்த அமைப்பும் இயங்கத் தொடங்கலாகாது. அனுமதி காலாவதியானால் அமைப்பும் நிற்றல் வேண்டும். மூன்றாவது, பராமரிப்புச் செலவு முதல் மதிப்பீட்டிலேயே ஏறித் திறைசேரியின் கைக்கு எட்டாதபடி ஒதுக்கப்படவேண்டும். நான்காவது, குறைபாடுகள் பாராளுமன்றத்துக்கு அறிக்கையாக வரவேண்டும். ஐந்தாவது, தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவனுக்கு அவனது மொழியிலே அறிவித்தல் வேண்டும். விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

இத் திட்டங்களில் ஊதியம் பெறும் நமது பொறியியலாளரே, கணக்காளரே, சட்டத்தரணிகளே! "மேலிடம் அவசரப்படுகின்றது" என்று கூறி ஒப்பமிடும் பேனா உங்களுடையது. அக் குறையை எழுத்திலே பதியுங்கள். பதிந்த எழுத்துக்கு ஒரு நாள் மறுமொழி கூறியே ஆகவேண்டும். கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் படிவம் நிரப்பும் கமக்காரரே! இவ் விபரம் எதற்கு, யார் பார்ப்பார், எங்கே வைப்பீர், போனால் யார் பொறுப்பு என்னும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். படிவத்தை நீட்டும் எழுதுவினைஞருக்கு மறுமொழி தெரியாதிருக்கலாம். அது அவர் குற்றமன்று. அவர் மேலதிகாரியிடம் கேட்பார். மேலதிகாரி திணைக்களத்திடம் கேட்பார். கேள்வி மேலே ஏறட்டும். குளக்கட்டிலே கசிவைக் கண்டவன், அது பொறியியலாளனின் வேலை என்று வீடு திரும்புவதில்லை. ஊரைக் கூட்டுவான். அதுவே நமது வழக்கம்.