முதலில் குழாயை மூடுங்கள்

ஹேஸி ஐபிஏ மோகம் தொடங்கிய பிறகு இதழுக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. முன்பு ஈஸ்ட்டையும் ஹாப்ஸையும் பற்றித் துருவித் துருவிக் கேட்டவர்கள் இப்போது கேட்பது ஒன்றே ஒன்று: ஸ்பார்ஜ் பாதியில் நின்றுவிட்டது, இனி என்ன செய்வது? கடிதத்தோடு வரும் செய்முறையைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடுகிறது. கால் பங்கு ஓட்ஸ் அவல், இன்னொரு கால் பங்கு கோதுமை மால்ட். மில்லின் உருளைகளோ ஒன்றோடொன்று உரசாத குறைதான். இப்படி அரைத்துக் கொட்டிவிட்டு, தொட்டி விற்ற கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

வடிவது நின்றதும் நம் கை தானாகப் போகும் இடம் வால்வு. இன்னும் கொஞ்சம் திறப்போம். பம்ப் இருந்தால் அதன் வேகத்தையும் கூட்டுவோம். மந்தமாகவாவது வடிந்துகொண்டிருந்த படுகை முழுசாக இறுகிப்போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

1856இல் பிரான்சின் திஜோன் நகரைச் சேர்ந்த ஆன்ரி தார்சி என்ற பொறியாளர், மணல் நிரப்பிய குழாயில் நீரை வடித்துப் பார்த்துச் சொன்ன விதி நமக்கும் பொருந்தும். அழுத்த வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும். படுகையின் உயரம் கூடினால் ஓட்டம் குறையும். ஆனால் மணல் நசுங்காது, ஊறிய மால்ட் நசுங்கும். அடியிலிருந்து இழுக்க இழுக்க உமித்தோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இடையில் இருக்கும் சந்துகளை மாவு அடைத்துக்கொள்ளும். வால்வைத் திறக்கத் திறக்க வரத்து குறைகிற விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது.

ஆகவே குழாயை மூடுங்கள். இழுவை நின்றால் படுகை சற்றுத் தளரும். அந்த இரண்டு மூன்று நிமிட அவகாசத்தில் அடைப்பு எங்கே என்று பாருங்கள். எல்லா நிறுத்தமும் படுகையால் வருவதில்லை.

அதைக் கண்டுபிடிக்க மலிவான ஒரு வழி உண்டு. நம்மில் பலர் இதைச் செய்துகொள்ளாமல் இருப்பது எங்களுக்கு வியப்புதான். வடிதட்டுக்கும் வால்வுக்கும் இடையில் ஒரு டி இணைப்பைப் பொருத்தி, அதிலிருந்து உள்ளே இருப்பது தெரிகிற சிலிக்கான் குழாய் ஒன்றைத் தொட்டியின் பக்கவாட்டில் மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள். வால்வு மூடியிருக்கும்போது தொட்டியிலும் குழாயிலும் மட்டம் ஒன்றாக இருக்கும். வடிக்கத் தொடங்கியதும் குழாயின் மட்டம் சில சென்டிமீட்டர் இறங்கி நிற்கும். அது நிதானமாக நிற்கும்வரை கவலையில்லை. மளமளவென்று இறங்கினால் படுகை இறுகுகிறது என்று பொருள். வரத்து குறைந்து உங்களுக்கு உறைப்பதற்கு முன்பே குழாய் காட்டிக்கொடுத்துவிடும். உடனே வால்வைப் பாதியாகக் குறைத்தால் பல நேரம் அதோடு ஆபத்து விலகிவிடும். இதற்கு மாறாக, பக்கக் குழாயில் மட்டம் தொட்டிக்குச் சமமாக நிற்கிறது, வெளியே மட்டும் எதுவும் வரவில்லை என்றால் படுகையைத் தொடாதீர்கள். அடைப்பு வால்விலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. குமிழியும் நுரையுமாக விட்டுவிட்டு வந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது; அதற்கும் மால்ட்டுக்கும் சம்பந்தமில்லை.

படுகைதான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டதா? மேற்பரப்பைப் பாருங்கள். தானியத்தின் மேலே சாம்பல் நிறத்தில் களிம்புபோல ஒரு படலம் மூடியிருக்கும். புரதமும் நுண்மாவும் சேர்ந்த அந்தப் படலமே சில சமயம் மூடிபோட்டது போல நீரை மறித்துவிடும். நீளமான கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். தட்டுவரை கத்தியை இறக்க வேண்டாம், அடியில் ஒரு கை அகலம் விட்டுவிடுங்கள். பெரிய ஆலைகளின் லாட்டர் தொட்டியில் சுழலும் கத்திகள் செய்வதும் இதே வேலையைத்தான்.

பிறகு வெப்பமானி. 60 டிகிரியிலிருந்து 76 டிகிரி செல்சியஸுக்குப் போனால் வெறும் நீரின் பிசுபிசுப்பே ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஓட்ஸ் சேர்ந்த வோர்ட்டில் வித்தியாசம் இன்னும் கூடுதலாகக் கைக்குத் தெரியும். குளிர்ந்த நாளில், போர்த்தாத தொட்டியில், மாஷ் அவுட் செய்யாமல் வடிக்க உட்கார்ந்தவர்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்.

கீறியும் நகரவில்லை என்றால் சுடுநீரை அடியிலிருந்து ஏற்றுங்கள். பிரிட்டிஷ் மதுவடிப்பாளர்கள் அண்டர்லெட் என்று சொல்லும் இந்த முறை, மேலிருந்து கிளறுவதைவிட எத்தனையோ மேல். வடிகுழாய் வழியாகவே 80 டிகிரி நீரை 2, 3 லிட்டர் மெதுவாக உள்ளே விட்டால் படுகை தட்டிலிருந்து எழும்பி மிதக்கும், துளைகளில் சிக்கியது விலகும், சூடும் ஏறும். மொத்தப் படுகை 77 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் உமித்தோலின் துவர்ப்பு இறங்கத் தொடங்கும். வாயால் ஊதுகிறவர்களும் இருக்கிறார்கள். கொதிக்கப்போகிற வோர்ட் என்பதால் சுத்தம் பற்றிய பயம் வேண்டாம், ஆனால் குழாயில் திரும்பி வருவது 70 டிகிரிக்கு மேற்பட்ட சர்க்கரைத் தண்ணீர் என்பது நினைவிருக்கட்டும். கடைசி வழி முழுதும் கிளறி, கழுவிய உமியைக் கலந்து, 10 நிமிடம் படியவிட்டு, முதலில் வரும் கலங்கலை மேலே திருப்பி ஊற்றி, தெளிந்த பிறகு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மிகாமல் வடிப்பது.

கடைசி 3 லிட்டருக்காக இத்தனை பாடு படவேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறோம். அந்த நேரத்தில் வடிவதன் அடர்த்தி 1.012 என்று வைத்துக்கொண்டால், அதை இழப்பதால் 20 லிட்டர் பியரில் குறைவது 2 புள்ளிகூட இல்லை. 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டைக் கொதியில் போட்டால் தீர்ந்தது கணக்கு. தண்ணீர் ஊற்றி அளவை நிரப்பிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

இவையெல்லாம் வந்தபின் பார்க்கும் வைத்தியம். வராமலிருக்க என்ன வழி என்பதை பெல்ஜியத்தின் பழைய மதுவடிப்பாளர்களிடம் கேட்கலாம். அவர்கள் முளைக்காத பச்சைக் கோதுமையைத் தாராளமாகப் போட்டார்கள். போதாக்குறைக்கு, அந்தப் பகுதி நெதர்லாந்து மன்னரின் ஆட்சியில் இருந்தபோது 1822இல் வந்த சட்டம் மாஷ் தொட்டியின் கொள்ளளவுக்கு வரி விதித்தது. தொட்டி பெரிதானால் வரியும் பெரிது. ஆகவே சின்னத் தொட்டியில் தானியத்தைத் திணித்தார்கள். உமியில்லாத தானியம், தண்ணீருக்கு இடமில்லாத தொட்டி. இதைவிட மோசமாக ஒரு மாஷ் இருக்க முடியாது. அவர்கள் என்ன செய்தார்கள்? தொட்டியின் அடியில் கோதுமைப் பதரைப் பரப்பினார்கள். மேலும், கூம்பு போன்ற பெரிய பிரம்புக் கூடையை மாஷுக்குள் அழுத்தி, பின்னலின் வழியே கூடைக்குள் ஊறிவரும் கலங்கல் வோர்ட்டைச் சட்டியால் மொண்டார்கள். அடியில் வடியாவிட்டால் என்ன, பக்கவாட்டில் ஊறட்டும் என்ற யோசனை. 1851இல் வெளிவந்த ஜார்ஜ் லகாம்பரின் நூலில் அந்தக் காலத்து பெல்ஜிய முறைகள் விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. பின்லாந்தில் சாஹ்தி வடிப்பவர்கள் குடைந்த மரத்தொட்டியின் அடியில் ஜூனிபர் கிளைகளையும் வைக்கோலையும் பரப்புவார்கள். வடிகட்டியைத் தானியமே தராவிட்டால் நாம் தரவேண்டும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நமக்கு அந்த வடிகட்டி நெல் உமி. ஊரில் நெல் மில்லின் பின்புறம் மலையாகக் குவிந்துகிடப்பதை இங்கே பாக்கெட்டில் விலைகொடுத்து வாங்குகிறோம். மொத்தத் தானியத்தின் எடையில் 5 முதல் 10 சதவீதம் போதும்; 5 கிலோவுக்கு 250 முதல் 500 கிராம். மில்லில் போடாமல், அரைத்த மாவோடு கலக்க வேண்டும். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் மாஷ் நீரை அதுவே குடித்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று தவிடு கலந்த உமியை வாங்கிவிடாதீர்கள். அடைப்பை எடுக்கப்போய் அடைப்பையே வாங்கிவந்த கதையாகிவிடும்.

ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கன் வேறு வகைத் தொல்லை. அதுதான் ஆறிய கேழ்வரகுக் கூழ்போல வோர்ட்டை இழுபட வைப்பது. அதை வெட்டும் நொதி 40 முதல் 45 டிகிரியில் சுறுசுறுப்பாக வேலை செய்யும், 60ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் செத்துவிடும். குளுக்கன் மேலும் மேலும் கரைந்து வருவதோ அந்த 60க்கு மேற்பட்ட சூட்டில். எனவே ஓட்ஸ் கால் பங்கை எட்டினால் முதலில் 20 நிமிடம் 45 டிகிரியில் நிறுத்துங்கள். ஆவியில் வேகவைத்துத் தட்டிய ஓட்ஸ் அவலில் அதற்கான நொதி இருக்காது, பேல் மால்ட்டும் கூடவே இருக்கவேண்டும். நல்ல பார்லி மால்ட் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த நிறுத்தமே தேவையில்லை. ரையில் பிசுக்குக்குக் காரணம் முக்கியமாக அராபினோசைலன் என்ற வேறொரு பொருள். ரை பாதிக்கு மேல் போகும் பவேரிய பாணி பியருக்கு உமியில்லாமல் இறங்கவே வேண்டாம்.

மில்லுக்கு வருவோம். எங்கள் மனக்குறை இங்கேதான். நம் வட்டத்தில் செயல்திறன் எண் ஒரு கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. 72 சதவீதம் எடுப்பவர் வெட்கப்படுகிறார், 80 எடுப்பவர் மார்தட்டுகிறார். 80ஐ எட்ட இடைவெளியை இறுக்குகிறோம், உமித்தோல் தூளாகிறது, படுகை இறுகுகிறது. 72க்கு 5 கிலோ மால்ட் தேவையென்றால் 80க்கு 4.5 கிலோ. மிச்சம் அரைக்கிலோ மால்ட். இந்த அரைக்கிலோவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தையே பணயம் வைப்பது புத்திசாலித்தனமா? டன் கணக்கில் அரைக்கும் ஆலைக்கு ஒவ்வொரு சதவீதமும் காசு. மாவாகவே அரைக்கும் ஆலைகள் அதைத் துணித் தகடுகளுக்கிடையில் அழுத்திப் பிழியும் மாஷ் ஃபில்ட்டரை வைத்திருக்கின்றன. நம்மிடம் இருப்பது துளைபோட்ட ஒரு தட்டு.

பார்லிக்கு 1.1 அல்லது 1.2 மில்லிமீட்டர் இடைவெளி தாராளம். கோதுமை மணி சிறியது, கெட்டியானது. அதைத் தனியாக 0.9இல் அரையுங்கள். அரைப்பதற்கு 10 நிமிடம் முன்னால் 5 கிலோ மால்ட்டின்மேல் 100 மில்லி வெதுவெதுப்பான நீரைத் தெளித்துப் பிசறி வைத்தால் உமித்தோல் வதங்கி, உருளையில் கிழியாமல் முழுசாக வெளிவரும். அப்படி அரைத்ததைக் கையில் அள்ளிப் பாருங்கள். உள்ளீடு வெள்ளையாகச் சிதறியிருக்கும், தோல் படகுபோல அப்படியே கிடக்கும். கடைசியில் ஒரு பிடி உலர்ந்த மால்ட்டை ஓட்டிவிட்டால் உருளை துருப்பிடிக்காது.

பையில் மாஷ் செய்பவர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிக்கக்கூடும். பையைத் தூக்கிப் பிழிகிற வசதி இருக்கும்போது படுகையாவது இழுவையாவது! அவர்கள் சிரிப்பில் நியாயமும் உண்டு. ஆனால் 10 கிலோ ஈரத் தானியத்தைத் தூக்க முதுகு ஒத்துழைக்காதவர்களுக்குத் தட்டும் வால்வும்தான் கதி.

அடுத்த இதழிலிருந்து செய்முறை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மில்லின் இடைவெளி, உமியின் எடை, வடிதட்டின் வகை, வடிக்க ஆன நேரம் ஆகிய நான்கும் இல்லாத செய்முறையை இனி வெளியிடப்போவதில்லை. செயல்திறன் எண்ணையும் எழுத விரும்புவோர் தாராளமாக எழுதலாம். அதைக் கடைசி வரியில் அச்சிடுவோம்.