வெறுங்கையோடு ஒரு நடை



கடன் திட்டம், சுயதொழில் பயிற்சி, காணி உறுதி என்று மாதாமாதம் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். இந்த மாதம் ஓய்வைப் பற்றி எழுதப் போகிறேன். "ஓய்வா? எங்களுக்கா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பெண் தலைமைக் குடும்பங்களைச் சந்திக்கப் போகும்போது நான் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "கடைசியாக எப்போது, உங்களுக்காக மட்டும், ஓரிடத்துக்குப் போனீர்கள்?" வரும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், பிள்ளையின் பள்ளிக்கூடம், சாவு வீடு. இவை எல்லாமே அலுவல்கள். தனக்காக என்று போன இடம் ஒன்றும் இல்லை.

இத்தாலி நாட்டில் தஸ்கனி என்றொரு பகுதி இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களும் குன்றுகளும் நிறைந்த இடம். குன்றுகளின் உச்சியில் மதில் சூழ்ந்த பழைய ஊர்கள். எதிரி வருவதைத் தூரத்திலேயே காண வேண்டும் என்ற பயத்தில்தான் மேட்டில் குடியேறினார்கள். சான் ஜிமிஞ்ஞானோ என்ற ஊரில் ஒரு காலத்தில் 72 கோபுரங்கள் இருந்தனவாம். பணக்காரக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கட்டியவை. இன்று 14 அளவில் மிஞ்சியிருக்கின்றன. இங்கிலாந்தின் கன்ரபரியிலிருந்து ரோமுக்கு யாத்திரிகர் நடந்த பழைய பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இப்போது உலகமெங்கும் இருந்து வருகிறவர்கள் அங்கே மூன்று நான்கு நாட்கள் ஊருக்கு ஊர் நடக்கிறார்கள். அவர்களுடைய பெட்டிகள் வாகனத்தில் அடுத்த ஊருக்குப் போய்விடும். அவர்கள் கையை வீசிக்கொண்டு நடப்பார்கள். அதற்குப் பெயர் விடுமுறை.

இதை எங்கள் சிறுசேமிப்புக் குழுவில் ஒரு நாள் சொன்னேன். "அங்க மலை, இங்க மணல். அவ்வளவுதானே வித்தியாசம்? நாமளும் நடப்பமே" என்றார் ஒரு ராத்தா. விளையாட்டாகச் சொன்னதுதான். ஆறு மாதம் சேர்த்த சீட்டுக் காசோடு அது ஜனவரிக் கடைசியில் மூன்று நாள் பயணமாகிவிட்டது. கற்பிட்டி, தலவில, புத்தளம் என்று எங்கள் கரையோரத்திலேயே பாதையை முடிவு செய்தோம்.

எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். புறப்பட்டது ஏழு பேர். எட்டாவது சகோதரியிடம் மூத்த மகன், "எதுக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "நேர்த்திக்கு" என்றோ "கூட்டத்துக்கு" என்றோ சொல்லியிருந்தால் விட்டிருப்பார். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே நின்றுவிட்டார்.

போனவர்களில் மூன்று பேர் 1990இல் மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம் சகோதரிகள். ஒருவர் கற்பிட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டு பேர் போரில் கணவனை இழந்து வன்னியிலிருந்து உடப்பில் உறவினரிடம் வந்து சேர்ந்த தமிழ்ச் சகோதரிகள். ஏழாவது ஆள் நான்.

முதல் நாள் கற்பிட்டி. கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நிலம் இது. களப்பின் வாயில் யார் கையில் இருக்கிறதோ, புத்தளத்துக்குள் போகும் வணிகமும் அவர் கையில். புத்தளமோ கண்டி அரசர்களுக்குக் கடல்வழி தந்த துறை. அதனால்தான் முதலில் போர்த்துக்கேயரும், 1659இல் ஒல்லாந்தரும் கற்பிட்டியைப் பிடித்தார்கள். இப்போது நாம் பார்க்கும் கோட்டையை ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டினார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. அடையாள அட்டையைக் காட்டி அனுமதி பெற்றுத்தான் உள்ளே போக வேண்டும். சீருடையைக் கண்டதும் வன்னிச் சகோதரி ஒருவர் நின்றுவிட்டார். "நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ, நான் இந்த மரத்துக்குக் கீழ இருக்கிறன்" என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. ஒருவர் அவரோடு துணைக்கு இருந்தார். இதையும் பயணத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் எல்லா வாசலையும் ஒரே நாளில் தாண்டிவிட முடியாது.

கற்பிட்டி 1807இல் சைமன் காசிச்செட்டி பிறந்த ஊர். இலங்கையின் ஊர்களைப் பற்றி 1834இல் அகராதி போல ஒரு நூல் தந்தவர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'தமிழ் புளூட்டாக்' என்று 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவரே. அந்தப் புலவர்களில் ஒளவையாரும் ஒருவர். அன்று இரவு பாயில் படுத்துக்கொண்டு ஒளவையைப் பற்றிப் பேசினோம். ஊர் ஊராக நடந்த பெண் என்றால் தமிழில் முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான். ஆனால் கதையைக் கவனியுங்கள். இளம்பெண்ணாக இருந்தால் கலியாணம் செய்து வைத்துவிடுவார்கள் என்று, தன்னைக் கிழவியாக்கும்படி பிள்ளையாரிடம் கேட்டாராம். கிழவியான பிறகுதான் நடக்கும் சுதந்திரம் கிடைத்தது. "அப்ப எனக்கு இப்ப சரியான வயசு" என்றார் அறுபதைத் தாண்டிய ராத்தா. சிரித்துச் சிரித்து நித்திரை போய்விட்டது.

இரண்டாம் நாள் தலவில வரை. பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் வரும். சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்ததும் புறப்பட்டோம். பைகளை ஓர் ஓட்டோவில் ஏற்றி அனுப்பினோம். சிறிது தூரம் போனதும் அந்த ராத்தா நின்று, தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "கைய என்ன செய்றதெண்டு தெரியல்ல புள்ள" என்றார்.

எங்களுக்கு அது உடனே விளங்கியது. பெண்களாகிய நாம் கை வெறுமையாக எப்போது நடந்திருக்கிறோம்? குடம், விறகு, பிள்ளை, உரப்பை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ராத்தா அன்று ஒரு கையில் கைக்குழந்தையும் மறுகையில் சருவச் சட்டியுமாக இறங்கியவர். வன்னிச் சகோதரிகள் 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தபோது, இடத்துக்கு இடம் எதையாவது விட்டுவிட்டே நடந்தார்கள். கடைசியில் கை வெறுமையானது. அது இழந்த கை. இன்று நாமாகவே இறக்கி வைத்த கை. இரண்டும் ஒன்றல்ல.

வழியெல்லாம் மணலில் வெங்காயமும் மிளகாயும். கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் வரும் நிலம். தோட்டத்தில் கூலிக்கு நின்ற பெண்கள், "எங்க போறீங்க?" என்று கேட்டார்கள். "சும்மா நடந்து போறம்" என்றோம். "சும்மாவா?" என்று நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். அதில் ஒருத்தி, "அடுத்த முறை போனா எனக்கும் சொல்லுங்க" என்றாள்.

வெயில் ஏறும் முன் கடற்கரையில் உட்கார்ந்து இடியப்பமும் மீன் சொதியும் சாப்பிட்டோம். அங்கேதான் ஒரு பேச்சு வந்தது. "இதுபோல ஒரு கரையிலதான் இறங்கினம்" என்று ராத்தா சொன்னார். கற்பிட்டிச் சகோதரிக்கு அப்போது ஒன்பது வயது. "எங்க உம்மா பெரிய சட்டியில கஞ்சி காச்சினாங்க. நான்தான் சிரட்டையில ஊத்திக் குடுத்தன். அந்த வாரம் எங்க வீட்டுல அரிசி முடிஞ்சு வாப்பா ஏசினாரு" என்றார். அதற்குப் பிறகு இரண்டு தரப்புக்கும் இடையில் நடந்தவையும் பேச்சில் வந்தன. தண்ணீருக்கு வரிசை, கூலி குறைந்தது, பள்ளிக்கூடத்தில் இடப்பிரச்சினை, "அகதி" என்ற பட்டம். "எங்கட பிள்ளைகள் இங்கயே பிறந்தும் அந்தப் பேர் போகல்ல" என்றார் ராத்தா. "எங்களுக்கும் ஒண்ணும் மிச்சமில்லாமப் போச்சு, அத யாரும் எழுதல்ல" என்றார் மற்றவர். இரண்டும் உண்மை. முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரே சந்தையில் சாமான் வாங்கும் இருவர் இதை முதல் தடவையாக நேருக்கு நேர் பேசினார்கள். நான் எத்தனையோ நல்லிணக்கக் கூட்டங்களை நடத்தியிருக்கிறேன். கதிரையில் உட்கார்ந்து பேசும்போது வராத பேச்சு, பக்கத்தில் பக்கத்தில் நடந்து களைத்த பிறகு வருகிறது.

தஸ்கனியில் திராட்சை என்றால் எங்கள் மாவட்டத்தில் தென்னை. வடக்கே பனையும் உண்டு. பாளையைச் சீவி, முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் இனிப்பு மாறாத பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள். காய்ச்சி வடித்தால் சாராயம். வாரக்கணக்கில் புளிக்கவிட்டால் வினாகிரி. மரம் ஒன்று, மனிதர் எடுக்கும் வழிதான் வேறு. "எங்கட வீட்டுக் காசு முழுக்க இந்த மரத்திலதான் ஏறிப் போனது" என்றார் உடப்புச் சகோதரி, அண்ணாந்து பார்த்து. அவர் சொன்னது தன் தகப்பனை. மதுவைச் சுவைக்கப் போகும் பயணங்களை வெளிநாட்டில் விளம்பரம் செய்கிறார்கள். எங்களுக்குப் பதநீரும் கருப்பட்டியும் போதும்.

கடைசி நான்கு கிலோமீற்றரை இரண்டு பேர் ஓட்டோவில் போனார்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

தலவில புனித அன்னம்மாள் ஆலயம் கடலைப் பார்த்து நிற்கிறது. இப்போதுள்ள கட்டடத்துக்கு 1837இல் அடிக்கல் நாட்டி 1843இல் முடித்தார்கள். முதிரை மரத் தூண்கள் பார்க்க வேண்டியவை. மார்ச்சிலும், ஜூலை–ஓகஸ்டிலும் திருவிழாக் காலத்தில் இலட்சக்கணக்கானோர் கூடுவார்கள். இந்த இடத்தின் கதையும் ஒரு நடைக் கதைதான். வேலை தேடிக் கொழும்புக்கு நடந்துபோன ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர் இங்கே மரத்தடியில் களைத்துத் தூங்கினார், கனவில் அன்னம்மாளைக் கண்டார், பின்னர் வசதி வந்ததும் திரும்பி வந்து சிறு கோயில் கட்டினார் என்று சொல்கிறார்கள். முஸ்லிம் சகோதரிகள் வெளியே மரநிழலில் இருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். "மர்யம் நாயகியின்ட உம்மாதானே" என்று சொல்லி ஒருவர் வாசல்வரை வந்து தூண்களைப் பார்த்துவிட்டுப் போனார். அன்றிரவு யாத்திரிகர் மடத்தில் தங்கினோம்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் மாம்புரிக் காற்றாலைகளையும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் கடந்து புத்தளம். உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசின. களப்பு ஓரமாக நடந்தோம். 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து இறங்கிய பத்தாலா இந்தப் புத்தளமே என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் அரசர் அவரை வரவேற்றார். கரையில் கறுவாக் கட்டைகள் குன்றுபோலக் கிடந்தனவாம். அங்கிருந்து கரையோரமாகச் சிலாபம் பக்கம் போய், பிறகு பாவா ஆதம் மலைக்கு ஏறினார். வந்தவரை விருந்தாளியாக ஏற்று, வழித்துணையும் கொடுத்து அனுப்பிய ஊர் இது. "அப்ப அகதிகள் மட்டும் வந்த ஊர் இல்ல இது" என்றார் ராத்தா.

சமூகவியல் வகுப்பில் 'ஓய்வு நேரம்' என்பது வர்க்கத்தோடும் பால்நிலையோடும் சேர்ந்தது என்று படித்தேன். ஆண் சந்தியில் சும்மா நின்றால் யாரும் கேட்பதில்லை. பெண் நடந்தால் காரணம் கேட்கிறார்கள். நிவாரணப் பட்டியலில் அரிசியும் தறப்பாளும் இருந்தன. ஓய்வு எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. யாராவது தருவார்கள் என்று காத்திருந்தால் அது வரவும் வராது.

நீங்களும் போக நினைத்தால்:

1. ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். வீட்டில் உண்மையைச் சொல்லியே புறப்படுங்கள். குழுவாகப் போய் வீட்டாரோடு பேசினால் பாதித் தடை நீங்கும்.

2. ஒரு நாளைக்கு எட்டு, பத்துக் கிலோமீற்றரோடு நிறுத்துவது நல்லது. எங்கள் இரண்டாம் நாள் சிலருக்குக் கூடிவிட்டது. காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, பிறகு மாலையில் நடக்கலாம்.

3. பழகிய செருப்பு, குடை, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். உப்பும் சீனியும் கலந்த தேசிக்காய்த் தண்ணீர் களைப்புக்கு நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் சீனி விடயத்தில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

4. மலசலகூட வசதி எங்கெங்கே உண்டு என்று முதலே விசாரியுங்கள். இதை நினைத்தே பலர் வர மறுக்கிறார்கள்.

5. பைகளை ஓட்டோவில் விடுங்கள். தேசிய அடையாள அட்டையும் தொலைபேசியும் மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்த முறை உடப்பு திரௌபதை அம்மன் கோயிலிலிருந்து முன்னேஸ்வரம் போக எண்ணியிருக்கிறோம். போர்த்துக்கேயர் இடித்த முன்னேஸ்வரத்தை 1753இல் கண்டி அரசர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் திருப்பிக் கட்டுவித்தார். தூரம் அதிகம் என்பதால் இரண்டு நாட்களாகப் பிரிக்க வேண்டும்.

வீட்டில் நின்றுவிட்ட எட்டாவது சகோதரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். மகனும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. உடப்புப் பயணத்துக்கான சீட்டில் அந்தச் சகோதரி முதல் தவணையைக் கட்டிவிட்டார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாதை இருக்கும். பயந்து ஓடிய பாதையாகவும் அது இருக்கலாம். அதில் யாரோடு நடக்க விரும்புகிறீர்கள், எது தடுக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள்.