சிவப்புத் துண்டு

பத்துப் பெரியவர்கள் கூடியிருக்கும் கடற்கரையில் விளையாடும் ஒரு குழந்தை, தாய் ஒருத்தியோடு மட்டும் வந்த குழந்தையைக் காட்டிலும் குறைந்த பாதுகாப்போடு இருக்கக்கூடும் என்று சொன்னால், கூட்டுக் குடும்பத்தின் பெருமையைக் கேட்டே வளர்ந்த நம்மவர்களில் பலர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நானும் ஒரு காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன். ஆயினும், பள்ளிகளுக்கு விடுமுறை விட்டவுடன் பல ஊர்களில் பிரிந்து வாழும் சகோதர சகோதரிகள், தத்தம் குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் அத்தை, சித்தப்பா முறையுள்ளவர்களையும் ஏற்றிக்கொண்டு, வாடகை வேன்களில் சமுத்திரக் கரையை நோக்கிப் புறப்படும் இந்தக் கோடைக் காலத்தில், நான் கண்ணால் கண்டு மனம் பதைத்த ஒரு விஷயத்தை எழுதாமல் இருப்பது தவறு என்று கருதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தில், 13 பெரியவர்களும் 9 குழந்தைகளுமாக நாங்கள் 22 பேர் தரங்கம்பாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து 5 நாள் தங்கினோம். பூம்புகார், காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி என்று நாளுக்கு இரண்டு ஊராகப் பார்த்துவிடலாம் என்று இளையவர்கள் திட்டம் போட்டிருந்தார்கள். ஒரே ஊரில் 5 நாளும் இருப்பதானால்தான் வருவேன் என்று எங்கள் பெரிய அத்தை நிபந்தனை விதித்துவிட்டாள். வேனிலேயே கழிகிற விடுமுறையில் குழந்தைகளின் ஞாபகத்தில் நிற்பது ஜன்னலோர இடத்துக்கான சண்டை ஒன்றுதான் என்பது அவள் வாதம். அந்த வாதத்தின் நியாயம் இரண்டாம் நாளிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. ஆண்டுக்கொரு முறை ஏதாவதொரு கல்யாணப் பந்தலில் ஒரு வேளை பார்த்துப் பிரிகிற பிள்ளைகள், ஒரே கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்து, விளக்கணைத்த பிறகும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்து, விடியுமுன் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு கடலில் சூரியன் முளைப்பதைப் பார்க்க ஓடியபோது, ஒன்றுவிட்ட உறவு என்ற சொல்லிலுள்ள தூரம் அவர்களிடமிருந்து மறைந்து போயிற்று.

அந்த ஊர் குழந்தைகளுக்கு ஏற்ற ஊர். தஞ்சை ரகுநாத நாயக்கர் அளித்த அனுமதியின் பேரில் 1620இல் டேனிஷ்காரர் எழுப்பத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையும், 1706இல் அங்கே வந்திறங்கித் தமிழ் கற்றுப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்குவின் நினைவுகளும் பெரியவர்களுக்கு உரியவை. பிள்ளைகளைக் கவர்ந்தவை வேறு. மணல்மேட்டில் படர்ந்து ஊதாப் பூப் பூத்த அடும்பங்கொடியும், காற்றில் உருண்டோடி அவர்களைத் துரத்த வைத்த இராவணன் மீசையின் முள்ளுருண்டைகளும், காலடி ஓசை கேட்ட மாத்திரத்தில் வளைக்குள் மறைந்துவிடும் வெளிறிய நண்டுகளுமே அவர்களுடைய ராஜ்யமாக இருந்தன. முதல் நாள் மாலை, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்ததான மாசிலாமணிநாதர் கோயிலுக்கு அத்தை எல்லோரையும் அழைத்துச் சென்றாள். 1306இல் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்ட கதையைச் சொல்லி, கல்லையே கரைத்த கடல் இது, விளையாட்டாக எண்ணக்கூடாது என்று குழந்தைகளை எச்சரித்தாள். அந்த எச்சரிக்கை பெரியவர்களாகிய எங்களுக்கும் உரியது என்பதை நாங்கள் ஒருவரும் உணரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். ஆண்கள் சிலர் வெயில் ஏறுமுன் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுக் கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொடுத்தபடி, நெடுநாளாகப் பேச வாய்க்காத சங்கதிகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தம்பி படம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் சித்தப்பாவோடு அவருடைய நிலத்து வழக்கைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். எங்கும் சிரிப்பும் பேச்சுமாக இருந்த அந்த வேளையில், சற்றுத் தொலைவில் நெத்திலி காய வைத்துக்கொண்டிருந்த மீனவர் குடும்பத்து அம்மாள் ஒருவர், என் தங்கையின் ஆறு வயது மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தார். பிள்ளை இடுப்பு வரை நனைந்திருந்தான்.

"இது உங்க புள்ளையா? நண்டைத் தொரத்திக்கிட்டே அவ்வளவு தூரம் வந்து, தண்ணியில தனியா நின்னுக்கிட்டிருக்கு. இத்தனை பேரு இருக்கீங்களே, ஒருத்தர் கண்ணுலயுமா படல?" என்று அவர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. மெய்யான ஆச்சரியமே இருந்தது. பிள்ளை நின்ற இடத்தையும் அவர் கையை நீட்டிக் காட்டினார். இருபுறமும் நுரைத்து உடைந்த அலைகளுக்கு நடுவே, ஒரு சிறு சந்து போல, அலையே இல்லாமல் அமைதியாகவும் சற்றுக் கருமையாகவும் தெரிந்த நீர்ப்பரப்பு அது. "அலை உடையாம சும்மா கெடக்கே, அங்கதான் நீவாடு இழுக்கும்" என்றார்.

அவன் எங்களை விட்டு எப்போது பிரிந்தான் என்று 13 பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பத்து நிமிஷம் என்றார் ஒருவர். அரை மணி என்றார் மற்றொருவர். தாய், பிள்ளை மாமாவோடு இருப்பதாக எண்ணியிருந்தாள். மாமா, அவன் தாத்தாவின் அருகில் மணல்வீடு கட்டுவதாக எண்ணியிருந்தார். தாத்தாவோ, இத்தனை இளையவர்கள் இருக்கும்போது தம்முடைய மங்கிய பார்வைக்கு என்ன வேலை என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இவர்களில் அன்பில்லாதவர் ஒருவரும் இல்லை. அசட்டையானவர் என்றும் எவரையும் சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் மற்றவர்களின் அன்பில் நம்பிக்கை வைத்திருந்தார்கள். அந்த நம்பிக்கையே ஒவ்வொருவர் கண்ணையும் பிள்ளையிடமிருந்து திருப்பியிருந்தது. தனியாக வந்த தாய்க்கு அப்படி நம்ப ஆளில்லை. ஆகையால் அவள் கண்ணெடுப்பதில்லை.

குழந்தைக்கு ஆபத்து நேர்ந்தால் கூச்சல் கேட்கும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். இதைவிடக் கேடான எண்ணம் வேறில்லை. நீரில் மூழ்கத் தொடங்கும் குழந்தை கூவி அழைப்பது அரிது. மூச்சை இழுக்கவே அதன் வாய்க்கு அவகாசம் போதாதபோது குரல் எங்கிருந்து எழும்? கையை உயர்த்தி அசைக்கவும் அதனால் முடிவதில்லை. மேலே எழும்பும் முயற்சியில் கைகள் தாமாகவே நீரைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது நின்றுகொண்டு விளையாடுவது போலவே தோன்றும். இவையெல்லாம் 20 முதல் 60 விநாடிக்குள் முடிந்துபோகக்கூடிய காரியம். ஒரு கோப்பைத் தேநீரை ஊற்றி ஆற்றிக் கொடுக்கும் நேரம்கூட இல்லை.

அந்த அம்மாள் சொன்ன நீவாட்டைப் பற்றியும் கடற்கரைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். நீருக்கடியில் உள்ள மணல்திட்டுகளில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ, அந்த வழியாக அது ஒன்று திரண்டு, சில வேளைகளில் விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தோடு, வெளிநோக்கி ஓடுகிறது. அங்கே ஆழம் அதிகமாகையால் அலை உடைவதில்லை. உடையாததால் அந்த இடம் சாந்தமாகக் காட்சியளிக்கிறது. பெரிய அலையைக் கண்டு பயந்த பெற்றோர், பிள்ளைகளை இறக்கிவிடத் தேடிப் பிடிப்பதும் அந்தச் சாந்தமான இடத்தைத்தான் என்று எண்ணும்போது எனக்கு இன்றைக்கும் உடல் நடுங்குகிறது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் நல்ல நீச்சல்காரராயினும் களைத்துப்போவார். பதற்றத்தை அடக்கிக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுசெல்கிறது என்று அறிந்திருப்பதே பாதி தைரியத்தைத் தரும்.

அன்று வீடு திரும்பியதும் ஒருவரையொருவர் குறை கூறும் பேச்சு எழுந்தது. அத்தை அதைத் தொடர விடவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்து வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். கடற்கரையில் இந்தத் துண்டு யார் தோளில் கிடக்கிறதோ அவரே குழந்தைகளுக்குக் காவல். அரை மணி நேரத்துக்கு அவர் யாரோடும் பேசக்கூடாது, கைப்பேசியைத் தொடக்கூடாது, உட்காரவும் கூடாது. அலைக்கும் குழந்தைகளுக்கும் அருகில் நின்று ஒன்பது தலையையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். முறை முடிந்ததும் துண்டை மணலில் போட்டுவிட்டுப் போகாமல், அடுத்தவர் பெயரைச் சொல்லி அழைத்து, "ஒன்பது பேரும் இருக்கிறார்கள், எண்ணிக்கொள்" என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். வாங்குகிறவர் எண்ணிப் பார்த்து "ஒன்பது" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே முன்னவர் விடுதலை அடைவார். துண்டு ஒருவர் தோளிலும் இல்லாவிட்டால் ஒரு குழந்தையும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. இவ்வளவுதான் அவள் வகுத்த சட்டம்.

முதல் வேளையில் அது பெரியவர்கள் சிலருக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாளே, அதனால் விளைந்த நன்மை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. துண்டு தாங்கிய ஒருவர் நிற்க, மற்ற 12 பேரும் அந்த அரை மணி நேரத்தை நெஞ்சில் எந்தப் பாரமுமின்றி அனுபவித்தார்கள். அதுவரை என் தங்கை, பிள்ளை பெற்ற நாளிலிருந்து, கடலையும் பார்த்துப் பிள்ளையையும் பார்த்து, இரண்டையும் முழுமையாகப் பார்க்காமல் தவித்தவள். அன்று அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்று, அலை வந்து மோதும்போதெல்லாம் சிறுமியைப் போலச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதே நியாயம் அடுப்பங்கரைக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. காவலுக்கு எல்லோரும் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லாமல் போகிறது; சமையலுக்கு எல்லோரும் பொறுப்பு என்றால் அது எப்போதும் அதே இரண்டு பெண்களின் தலையில் விழுகிறது. கடலைக் காண 200 மைல் பிரயாணம் செய்து வந்த ஒரு மருமகள், 22 பேருக்கு இட்லி ஊற்றி முடிப்பதற்குள் சூரியன் உச்சிக்கு வந்து மணல் கால் வைக்க முடியாதபடி கொதித்துவிடுமானால், அவளுக்கு அந்த விடுமுறையில் என்ன பங்கு? மூன்றாம் நாள் முதல் எங்கள் வீட்டில் ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு பேர் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டினோம். அவர்களில் ஒருவர் ஆணாக இருப்பது கட்டாயம். இரவுச் சாப்பாட்டை வெளியில் வாங்கிவிட்டோம். ரசத்தில் உப்புக் கூடியது பற்றி யாரும் வருந்தவில்லை.

குடும்பங்கள் செய்ய வேண்டியது இது. அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நம் கரையில், "இங்கே குளிப்பது ஆபத்து" என்ற பலகைகள் இருக்கின்றன. எங்கே, எதனால் ஆபத்து என்று காட்டும் ஆள் பெரும்பாலான ஊர்களில் இல்லை. மீன்களின் இனப்பெருக்கத்தை உத்தேசித்து, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நம் குழந்தைகளின் கோடை விடுமுறையும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான் வருகிறது. கடலின் சுபாவத்தைப் பிறந்த நாள் முதல் கற்றவர்கள், நீவாடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை நின்ற இடத்திலிருந்தே சொல்லக்கூடியவர்கள், ஆயிரக்கணக்கில் தொழிலின்றிக் கரையில் இருக்கிறார்கள். அதே கரைக்கு, கடலைப் பற்றி ஒன்றும் அறியாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. தடைக்கால நிவாரணத் தொகையைக் குறைக்காமல், அதற்கு மேல் தனிச் சம்பளம் கொடுத்து, உயிர்காக்கும் பயிற்சியும் அளித்து, மக்கள் கூடும் ஒவ்வொரு கரையிலும் மீனவ இளைஞர்களையும், விரும்பும் மீனவப் பெண்களையும் அந்த 61 நாட்களுக்குக் காவலராக நியமிக்க என்ன தடை இருக்கிறது? இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. காலையில் வந்து, பாதுகாப்பான இடத்துக்கு இருபுறமும் இரண்டு கொடிகளை நட்டு, "இவற்றுக்கிடையில் இறங்குங்கள்" என்று சொல்லும் ஓர் ஆள் இருந்தால், ஒவ்வொரு கோடையிலும் பத்திரிகையில் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுகிற செய்திகளில் பல இல்லாமல் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஐந்தாம் நாள் மாலை, புறப்படுமுன் அந்த அம்மாளிடம் விடைபெற்றுக்கொள்ள நானும் அத்தையும் சென்றோம். அத்தை ஒரு புடவையை அவர் கையில் கொடுத்தாள். அவர் மறுத்து, பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் குழந்தைகள் கடைசி முறையாக அலையில் கால் நனைக்க ஓடினார்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, எங்கள் இருவர் தோளையும் பார்த்து, "துண்டு யாருக்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். ஐந்து நாளும் அவர் தூரத்திலிருந்து கவனித்து வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கரையை நோக்கித் திரும்பி அதே கேள்வியை உரக்கக் கேட்டேன். நீரோரத்தில் நின்றிருந்த என் தம்பி, குழந்தைகள் மேலிருந்த பார்வையை எடுக்காமல், எங்கள் பக்கம் திரும்பாமல், ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினான்.