தடை யாரைக் காக்கும்?

கடன் வாங்கிய பங்கை விற்று, விலை இறங்கியபின் வாங்கித் திருப்பித் தரும் ஷார்ட் செல்லிங்கை அடியோடு தடை செய்தால் சிறு முதலீட்டாளர் பிழைப்பார் என்ற பேச்சு 2023 ஜனவரியில் அதானி பங்குகள் சரிந்தது முதல் ஓயவில்லை. மணவாள நகரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஷிப்ட் முடிந்ததும் கைபேசியில் டீமேட் கணக்கைப் பார்க்கிற தொழிலாளிக்கு அது அக்கம்பக்கத்துச் செய்தியும்கூட. அவ்விரு ஊர்களும் உள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018 முதல் அதானி குழுமத்தின் வசம் இருக்கிறது. பணம் போனவரின் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தடை இருந்திருந்தால் அவர் பணம் தப்பியிருக்கும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் கைமாறும் கடன் பத்திரங்கள் வழியாகவும் இந்தியாவுக்கு வெளியே வர்த்தகமாகும் டெரிவேட்டிவ்கள் வழியாகவும் ஷார்ட் எடுத்ததாக, அந்தச் சரிவைத் தொடங்கிவைத்த அமெரிக்க நிறுவனமான ஹிண்டன்பர்க் தன் அறிக்கையிலேயே சொன்னது. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி போடும் தடை அங்கே எட்டாது. இந்தியச் சந்தையிலும் விற்றார்களே என்று கேட்கலாம். அறிக்கை வெளிவருமுன்பே அதன் நகல் நியூயார்க் நிதி மேலாளர் ஒருவருக்குப் போனது, அவரோடு தொடர்புடைய நிதி இங்கே அதானி எண்டர்பிரைசஸ் ஃபியூச்சர்ஸை விற்று லாபம் பார்த்தது என்று 2024-இல் அனுப்பிய நோட்டீஸில் செபி குற்றம் சாட்டியது உண்மை. அபத்தம் என்று ஹிண்டன்பர்க் அதைத் தள்ளியது. செபி சொன்னதே சரி என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் தவறு ஊருக்குத் தெரியுமுன் தெரிந்துகொண்டு வர்த்தகம் செய்ததில்தான் இருக்கிறது. அதே வழியில் நல்ல செய்தி கசிந்து ஒருவர் வாங்கியிருந்தாலும் குற்றம் குற்றமே.

சந்தையைக் கவிழ்ப்பது விலை இறங்கும் என்று பந்தயம் கட்டும் கரடிகள்தான் என்பதும் சரித்திரத்தோடு ஒட்டவில்லை. 2001 மார்ச்சில் செபி ஷார்ட் செல்லிங்கைத் தடுத்தது. அதற்குமுன் விலைகளை ஊதிப் பெருக்கிய தரகர் கேதன் பாரேக், விலை ஏற்றத்தில் பந்தயம் கட்டும் அசல் காளை. மாதவ்புரா கூட்டுறவு வங்கியின் பணம் அந்த ஆட்டத்தில் கரைந்தது. ஜெர்மனியின் கதை இன்னும் கசப்பானது. வயர்கார்டு நிறுவனத்தின் கணக்குகள் மீது சந்தேகம் எழுந்தபோது, 2019 பிப்ரவரியில், அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு அதன் பங்குகளில் புதிய ஷார்ட் செல்லிங்குக்கு இரண்டு மாதம் தடை போட்டது. அரசே பக்கத்தில் நிற்கிறது என்று நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேரோ. 2020 ஜூனில் 190 கோடி யூரோவைக் காணவில்லை என்று தெரிந்து நிறுவனம் திவாலானது. சந்தேகப்பட்டவர்கள் சொன்னதே சரியாயிற்று.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும், அதுவும் கடுமையாக. பொய்யைப் பரப்பி விலையை இறக்குவது மோசடி, அதற்குத் தண்டனை தர 2003-இன் செபி விதிகளே போதும். பங்கை ஒப்படைக்க வழியில்லாமல் விற்பதையும் செபி அனுமதிப்பதில்லை. 2024 ஜனவரி 5 சுற்றறிக்கைப்படி, நிறுவன முதலீட்டாளர்கள் ஆர்டர் போடும்போதே அது ஷார்ட் என்று சொல்ல வேண்டும். சில்லறை முதலீட்டாளர்கள் அன்றைய வர்த்தகம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். தரகர்கள் மறுநாள் சந்தை திறக்குமுன் அந்த விவரத்தைப் பங்குச் சந்தைகளுக்கு ஏற்றிவிட வேண்டும். இவ்வளவு செய்துவிட்டு, பொதுமக்களுக்கு மட்டும் வாரம் ஒருமுறை வெளியிட்டால் போதும் என்கிறது சுற்றறிக்கை. ஹிண்டன்பர்க் அறிக்கை வந்தது 2023 ஜனவரி 24. 20,000 கோடி ரூபாய் பங்கு வெளியீட்டை அதானி எண்டர்பிரைசஸ் கைவிட்டது பிப்ரவரி 1. எட்டே நாளில் எல்லாம் முடிந்த இடத்தில் வாரக் கணக்கு யாருக்குப் பயன்படும்? காலையிலேயே கைக்கு வந்துவிடும் விவரத்தை அன்றைக்கே வெளியிடவும், ஃபியூச்சர்ஸில் குவியும் பெரிய விற்பனைகளையும் அதோடு சேர்த்துக் காட்டவும் செபி தயாரா என்று கேட்பதுதான் சிறு முதலீட்டாளருக்கு ஆதாயம்.